மைனஸ் நாற்பது

சித்திரை பிறந்து அரவேணுவுக்குப் பலாப்பழமே வந்துவிட்டது.
என் ஸ்கோடா மட்டும்
வெளியே மைனஸ் நாற்பது என்கிறது.
எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பனிப்பூ மினுக்குகிறது:
சாலை வழுக்கலாம், ஜாக்கிரதை.

பத்தொன்பது வருஷத்து வண்டி, மூன்றாவது கை நான்.
மூடிய கதவைத் திறந்திருக்கிறது என்கிறது.
பின்னால் வரும் பஸ்ஸின் முகமெல்லாம் சிவப்பு அப்பியிருக்க
பிரேக் விளக்கு எரியவில்லை என்கிறது.
ஒவ்வொன்றுக்கும் ஒரு டிங்.
டிங்குக்கு 'சரிம்மா' என்று பதில் சொல்லப் பழகியிருந்தேன்.

சுல்பிகர் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது.
உரக்கடைக்கும் காளான் குடோனுக்கும் நடுவே ஒரு ஷட்டர்.
"கம்ப்யூட்டர் போட்டு அழிச்சிடலாம்ணே,
நாளைக்கு மறுபடி வரும்.
எதனால சொல்லுதுன்னு பார்க்கணும்."

டிக்கியின் கம்பளத்தைத் தூக்கினான்.
எர்த் வயர் கடித்திருந்த இடத்தில்
பத்தொன்பது மழைக்காலம்
பச்சையாகப் பூத்திருந்தது.
உப்புத்தாளால் தேய்த்து, முறுக்கி, வாஸ்லின் தடவினான்.
பிரேக் விளக்கு வாயை மூடிக்கொண்டது.
கதவுப் பூட்டுக்குள் அரிசி அளவு ஒரு சுவிட்ச்;
அதை மாற்றுவதற்குள் இரண்டு டீ, ஒரு மின்வெட்டு.

பிறகு பம்பரைக் கழற்றினான்.
"சென்சார் இங்க இருக்கணும். வயர் மட்டும் தொங்குது.
மைனஸ் நாப்பதுன்னா
லைன்ல யாருமே இல்லன்னு அர்த்தம்ணே.
எங்க இடிச்சீங்க?"

"காட்டெருமை. குஞ்சப்பனை வளைவு. போன வருஷம் தையில."

பதினைந்து மாதமாகச் சொல்லிச் சொல்லி
எருமை வளர்ந்திருந்தது.
முதலில் கன்று. பிறகு கொம்பு முளைத்தது.
தேயிலை ஃபாக்டரி ஆபீஸில் சொல்லும்போது
மூச்சுவிடும் சத்தம்கூட வந்துவிட்டது.

பம்பரின் உள்மடிப்பைச் சுல்பிகர் சுரண்டினான்.
நகத்தில் வெள்ளை.
வளைவுச் சுவர்களுக்கு அடிக்கிற சுண்ணாம்பு.
ஒன்றும் சொல்லாமல் துணியில் துடைத்தான்.
சென்சாருக்கு அறுநூற்றைம்பது எழுதினான்.

அன்று இரவு மணி பதினொன்று,
வயிற்றில் மேட்டுப்பாளையத்துப் பரோட்டா,
இரண்டு விநாடித் தூக்கம்.
சத்தத்தில் விழித்த சாரதாமணியிடம்
வாயில் முதலில் வந்த மிருகத்தைச் சொன்னேன்.
அதிலிருந்து அந்த வளைவு வந்தால்
பகலோ இரவோ, ஆட்கள் நிற்கிறார்களோ இல்லையோ,
"காட்டெருமை, பார்த்து" என்பாள்.
வண்டிக்கு டிங். அவளுக்கு இது.
இரண்டுக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இறங்கிப் போய்விட்டு
ராத்திரி திரும்பினோம்.
பவானிப் பாலத்தில் முப்பத்திரண்டு.
நாங்கள் ஏற ஏற எண் இறங்கியது.
முப்பது. இருபத்தேழு.
டிங் இல்லை, பனிப்பூ இல்லை,
ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவ்வளவு அமைதி.
எனக்குக் கண் சொருகியது.

"காட்டெருமை."

நிமிர்ந்தேன்.
சுல்பிகரின் நகம் ஞாபகத்துக்கு வந்தது.
"எருமையே இல்ல, சாரதா. அன்னைக்கு நான் தூங்கிட்டேன்."

செக்போஸ்ட் விளக்கு அவள் முகத்தில் ஏறி இறங்கியது.
"தெரியும்.
காட்டெருமைக்கு யாரு வெள்ளையடிச்சு விட்டாங்களாம்?"

கொஞ்ச தூரம் போனோம். இருபத்து நான்கு.

"அப்புறம் எதுக்கு ஒவ்வொரு தடவையும்..."

கண்ணாடியைப் பாதி இறக்கினாள்.
ஈரக்காற்றோடு காப்பிப் பூவின் வாசனை வந்தது.
"சரிம்மான்னு சொல்றீங்களா,
எங்கேன்னு கேக்கறீங்களான்னு பார்க்கத்தான்.
சரிம்மான்னா பாதித் தூக்கம்.
அன்னைக்கெல்லாம் அரவேணு வரைக்கும்
உங்க தங்கச்சியைப் பத்திப் பேசிட்டு வருவேன்."

அடுத்த வளைவில் சுவர் புது வெள்ளையாக இருந்தது.
அவள் வாயைத் திறந்தாள்.

"எங்கே?" என்றேன்.

இருபத்து மூன்று, என்றது வண்டி.